தொலைக்காட்சியின் முன் வைத்த தட்டு

அமெரிக்காவில் ஓமாகா நகரைச் சேர்ந்த ஸ்வான்சன் நிறுவனம் 1953-54ஆம் ஆண்டுகளில் புதுவகை உணவு ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மூன்று குழிகள் கொண்ட அலுமினியத் தட்டு. ஒன்றில் குழம்பு ஊற்றிய வான்கோழி இறைச்சி, மற்றொன்றில் பட்டாணி, மூன்றாவதில் சர்க்கரைவள்ளிக் கிழங்கு. யாவும் சமைத்து உறைய வைக்கப்பட்டவை. விலை 98 சென்ட். தட்டை மூடியிருந்த அட்டைப் பெட்டியைத் திருகு குமிழ்கள் உள்ள தொலைக்காட்சிப் பெட்டி போலவே அச்சிட்டிருந்தார்கள். பெயரும் 'டி.வி. டின்னர்' என்பதே.

இதை முதலில் எண்ணியவர் யார் என்பதில் தகராறு உண்டு. விமானப் பயணிகளுக்காக மாக்ஸன் என்ற நிறுவனம் 1945இலேயே இத்தகைய உறைந்த தட்டுகளைச் செய்துவிட்டது. ஆனால் வீடுகளில் அதற்கு இன்னும் இடம் உண்டாகவில்லை. 1950இல் அமெரிக்க வீடுகளில் நூற்றுக்கு 9இல்தான் தொலைக்காட்சி இருந்தது. 1955இல் மூன்றில் இரண்டு பங்கு வீடுகளில் அது வந்துவிட்டது. மாலை நிகழ்ச்சியும் இரவுச் சாப்பாடும் ஒரே வேளையில் அமைந்தன. எழுந்து போகாமல் உண்ணக்கூடிய உணவுக்குத் தேவை பிறந்தது.

இத்தட்டைச் செய்வது அவ்வளவு எளிதன்று. மூன்று பண்டங்களும் ஒரே அடுப்பில், ஒரே நேரத்தில், ஒரே பதத்தில் சூடாக வேண்டும். உறைந்த ஒரு கிராம் நீர் உருகுவதற்கே 80 கலோரி வெப்பம் வேண்டும். அது மட்டுமன்று; பனிக்கட்டி வெப்பத்தைக் கடத்தும் திறன் தண்ணீரைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு. ஆகவே வெளிப்புறம் உருகியதும், அந்த ஈர அடுக்கே உள்ளே செல்லும் வெப்பத்தைத் தாமதப்படுத்துகிறது. சிறிய பட்டாணி விரைவில் வெந்து குழையும். தடித்த இறைச்சியின் நடுவிலோ பனி அப்படியே இருக்கும். இச்சிக்கலை ஆராய்ந்து தீர்த்தவர்களுள் பெட்டி குரோனின் என்ற பாக்டீரியா இயல் அறிஞர் குறிப்பிடத்தக்கவர். 425 டிகிரி பாரன்ஹீட்டில் 25 நிமிடம் வைத்தால் போதும் என்ற நிலை அத்தகைய உழைப்பால் வந்ததே. இந்தத் திறமையை நாம் பாராட்டத்தான் வேண்டும்.

ஆனால் தட்டு ஆளுக்கு ஒன்று. கேட்டுப் பரிமாறுவதற்கும், எதிரில் இருப்பவர் முகம் பார்ப்பதற்கும் அதில் வேலையில்லை. இதனால் இளைஞர் உணவில் என்ன நேர்ந்தது என்ற ஆராய்ச்சி பின்னரே வலுப்பெற்றது.

1985இல் டீட்ஸ், கார்ட்மேக்கர் என்ற இருவர், 12 முதல் 17 வயது வரையுள்ளோரிடையே தொலைக்காட்சி பார்க்கும் நேரம் கூடக்கூடப் பருமனும் கூடுகிறது எனக் காட்டினர். உட்கார்ந்தே இருப்பதுதான் காரணம் என்று பலரும் கருதினர். 1999இல் ராபின்சன் வெளியிட்ட ஆய்வு வேறு எண்ணத்தைத் தூண்டியது. கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரில் ஒரு பள்ளிச் சிறுவரைத் திரை நேரத்தைக் குறைக்கப் பழக்கினார்கள். மற்றொரு பள்ளியின் சிறுவரைவிட இவர்களது உடல் எடைக் குறியீடு குறைவாகவே உயர்ந்தது. ஓடியாடுவதில் இரு பள்ளிகளுக்கும் பெரிய வேறுபாடில்லை. திரையின் முன் உண்ட வேளைகள்தான் குறைந்திருந்தன.

அப்படியானால் திரை செய்வது என்ன? விடையின் ஒரு பகுதி வயிற்றில் இல்லை, நினைவில் இருக்கிறது. புதிய நினைவுகளைப் பதிக்க இயலாத இரு நோயாளிகளைப் பற்றிய ஆய்வு 1998இல் வெளிவந்தது. மதிய உணவு முடிந்து அரைமணிக்குள் இன்னொரு சாப்பாடு வைத்தால் அவர்கள் அதையும் உண்டார்கள். 'உண்டாயிற்று' என்ற நினைவும் பசியை அடக்குவதில் பங்கு கொள்கிறது.

தண்ணீர்த் தம்ளரில் கைப்பேசியைச் சாய்த்து வைத்து உண்ணும் இன்றைய மாணவருக்கு நோய் எதுவும் இல்லை. ஆயினும் 2011இல் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட சோதனை அவர் அறிய வேண்டியது. 44 பேருக்கு ஒன்பது பண்டங்கள் கொண்ட ஒரே அளவு மதிய உணவு தந்தார்கள். பாதிப்பேர் கணினியில் சீட்டு விளையாடிக்கொண்டே உண்டனர். மற்றவர் வெறுமனே உண்டனர். அரைமணி கழித்து எல்லார் முன்னும் பிஸ்கட் வைக்கப்பட்டது. விளையாடியவர்கள் ஏறத்தாழ இருமடங்கு பிஸ்கட் தின்றார்கள். உண்ட ஒன்பது பண்டங்களின் வரிசையைச் சொல்லச் சொன்னபோது அதிகம் தடுமாறியவர்களும் அவர்களே.