துடைப்பமும் அம்புமுனையும்

வில்லோடு வேட்டைக்குப் போகிறவன் வில்லைப் பற்றித்தான் அதிகம் யோசிப்பான் என்று நினைத்திருந்தேன். இல்லையாம். அமெரிக்காவில் இதைப் பொழுதுபோக்காக வைத்திருக்கிறவர்கள் ஓயாமல் சண்டை போடுவது அம்புமுனையைப் பற்றி. மானுக்கு எது, கரடிக்கு எது, இரண்டு அலகா மூன்று அலகா, அசையாத அலகா, உடம்பில் பட்டதும் விரிகிற அலகா. அகலமான வெட்டு அலகு வைத்த இந்த முனைக்கு 'பிராட்ஹெட்' என்று பேர். துப்பாக்கிக் குண்டு பட்ட வேகத்தில் உடம்பைச் சிதைத்துக் கொல்லும். அம்பு வெட்டி, ரத்தத்தை வடியவிட்டுத்தான் கொல்லும். அதனால் முனை சவரக்கத்தி மாதிரி இருக்கணும். மழுங்கின முனை பட்ட மிருகம் தப்பி ஓடி, எங்கேயோ புதரில் கிடந்து சாகும். ஆக, முனை தேர்ந்தெடுக்கிறது ஒரு அறிவு. அந்த அறிவு யார் கையிலிருந்து யார் கைக்குப் போச்சு என்பதுதான் என் கேள்வி.

அந்த ஊர் வில் வேட்டைக்காரர்கள் 1961இல் ஆரம்பித்த சங்கத்தின் பெயர் 'போப் அண்ட் யங் கிளப்'. போப் என்றதும் நம்ம தமிழ் எம்.ஏ.க்களுக்குத் திருவாசகம் மொழிபெயர்த்தவர் ஞாபகம் வரும். இவர் வேற. சாக்ஸ்டன் போப், சான்பிரான்சிஸ்கோவில் அறுவை மருத்துவர். ஆர்தர் யங் அவருடைய வேட்டைக் கூட்டாளி. இந்த இரண்டு பேருக்கு முன்னால் இன்னொரு பேர் இருக்கணும். இல்லை.

1911 ஆகஸ்ட் 29. வடக்கு கலிபோர்னியாவில் ஓரோவில் என்கிற ஊர். மாடடிக்கிற கொட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு மனுசன் பசியில் சுருண்டு கிடந்தான். தலைமயிரைப் பொசுக்கியிருந்தான், அது அவர்கள் சனத்தில் சாவுத் துக்கத்துக்கு அடையாளம். ஊர்க்காரர்கள் செய்த முதல் காரியம், அவனை ஜெயிலில் வைத்தது. பத்திரிகைகள் 'கடைசிக் காட்டு இந்தியன்' என்று எழுதின.

யாஹி என்கிற சின்ன இனக்குழு அவருடையது. 1848இல் அந்தப் பக்கம் தங்கம் கிடைத்ததும் வெள்ளைக்காரன் கூட்டம் கூட்டமாக வந்தான். ஆறு கெட்டது, மான் குறைந்தது, பசியில் மாட்டைப் பிடித்துத் தின்றவர்களை ஊரோடு சுட்டான். 1871 வாக்கில் ஒரு குகையில் ஒளிந்திருந்த முப்பது பேர் போலக் கொல்லப்பட்டார்கள். அங்கே நடந்த ஒன்றை மானிடவியலாளர் வாட்டர்மேன் பதிவு செய்திருக்கிறார். சுட்டவர்களில் ஒருவன் பாதியில் துப்பாக்கியை மாற்றினானாம். கையிலிருந்த 56 காலிபர் துப்பாக்கி குழந்தைகளை ரொம்பக் கிழித்துப் போடுகிறது என்று, 38 காலிபர் கைத்துப்பாக்கியை எடுத்துக்கொண்டான். படித்த அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. அவனும் ஒரு 'சரியான முனை'யைத் தேடியிருக்கிறான்.

மிச்சமிருந்த கொஞ்சப் பேர் நாற்பது வருசம் மலை இடுக்கில் ஒளிந்து வாழ்ந்தார்கள். துப்பாக்கி வெடித்தால் ஊருக்குக் கேட்கும். வில் சத்தம் போடாது. அம்புக்கு முனை? எரிமலைக் கண்ணாடிக் கல் பழைய வழக்கம். அதோடு வெள்ளைக்காரன் குடித்து எறிந்த பாட்டில் சில்லையும் பொறுக்கி வந்து முனை செய்தார்கள். கொன்றவனுடைய குப்பையில் தன் ஆயுதத்தை எடுத்தவர்கள். 1908இல் நில அளவைக்காரர்கள் அந்தக் குடிசைகளைக் கண்டுபிடித்து, வில், அம்பு, கூடை, போர்வை எல்லாவற்றையும் 'ஞாபகார்த்தமாக' அள்ளிக்கொண்டு போனார்கள். நடக்க முடியாத கிழவி ஒருத்தி மட்டும் அங்கே கிடந்தாள். இவருடைய தாய்.

மானிடவியல் பேராசிரியர் ஆல்பிரட் குரோபரும் வாட்டர்மேனும் அவரைப் பல்கலைக்கழக அருங்காட்சியகத்துக்குக் கூட்டிவந்தார்கள். அவர் தன் பெயரைச் சொல்லவில்லை. தன் வாயால் தன் பெயரைச் சொல்வது அவர்கள் வழக்கமில்லை. குரோபர் 'இஷி' என்று கூப்பிட்டார். அவர் மொழியில் மனிதன் என்று அர்த்தம். அப்புறம் ஒரு வேலை கொடுத்தார்கள். மாதம் 25 டாலர் சம்பளம். என்ன வேலை தெரியுமா? கூட்டித் துடைக்கிற வேலை. எந்த ஊர் ஆனால் என்ன, நம்மளுக்கு முதலில் கையில் கொடுப்பது துடைப்பம்தான்.

ஞாயிற்றுக்கிழமை சனம் பார்க்க வரும். இஷி தரையில் உட்கார்ந்து, உள்ளங்கையில் தோலை வைத்து, அதன்மேல் சில்லை வைத்து, மான்கொம்பு முனையால் ஓரத்தை அழுத்துவார். செதில் செதிலாகப் பெயரும். அடித்து உடைப்பதில்லை, அழுத்தம்தான் எல்லாம். கண்ணில் தூள் விழுந்தால் கீழ் இமையை இழுத்துப் பிடித்துக் குனிந்து, உச்சந்தலையில் தானே ஒரு தட்டுத் தட்டிக்கொள்வார். முனையை மான் நரம்பாலும் பிசினாலும் கட்டுவார்.

பக்கத்து மருத்துவக் கல்லூரியிலிருந்து வந்த போப், வைத்தியராக வந்து மாணவராக ஆனார். இஷியோடு வேட்டைக்குப் போனார். ஒரு பெட்டியில் ஈரலை நிரப்பி, மேலே மான் தோல் போர்த்தி, எஃகு முனையையும் இஷியின் கல் முனையையும் எய்து பார்த்தார். கல் முனை கூடுதலாக உள்ளே போனது. ஆனால் கல் எலும்பில் பட்டால் நொறுங்கும். போப் எஃகில் அகல முனை செய்துகொண்டு, 1920இல் யெல்லோஸ்டோனில் யங்கோடு சேர்ந்து கரடி வேட்டையாடினார். 1923இல் புத்தகம் போட்டார். அமெரிக்க வில் வேட்டைக்காரர்களுக்கு அது வேதம். உண்மையைச் சொல்லணும்: போப் இஷியை மறைக்கவில்லை, அன்போடு எழுதியிருக்கிறார். மறைத்தது பின்னால் வந்தவர்கள்.

எங்க தாத்தா பறைக்குத் தோல் பார்ப்பார். விரலால் தேய்த்துப் பார்த்தே எந்தத் தோல் வெயிலில் தாங்கும், எது பனியில் தொங்கும் என்று சொல்லிடுவார். ஆய்வுக்கு வந்த ஒருத்தர் மூணு நாள் தாத்தாகிட்ட உட்கார்ந்து, புளியங்கொட்டைப் பசை காய்ச்சுகிற பதம்வரை எழுதிக்கிட்டுப் போனார். அவருக்குப் பட்டம் வந்தது. பின்னிணைப்பில் தாத்தா பேரு ஒரு வரி: தகவலாளி. அந்த வரியில் வயசும் தப்பு.

இஷி 1916 மார்ச் 25இல் காசநோயில் செத்துப்போனார். உடம்பை அறுக்கக் கூடாது என்று குரோபர் ஊருக்கு வெளியே இருந்து கடிதம் எழுதினார். அதற்குள் அறுத்துவிட்டார்கள். ஏகலைவனை இங்கே இழுக்க வேண்டாம் என்றுதான் பார்க்கிறேன். இவரிடம் கட்டைவிரலைக் கேட்கவில்லை, மூளையை எடுத்துக்கொண்டார்கள். அறுக்கக் கூடாது என்று எழுதிய அதே குரோபர்தான் 1917இல் அந்த மூளையை ஸ்மித்சோனியனுக்கு அனுப்பினார்.

அருங்காட்சியகத்தில் இஷி செய்த முனைகள் மிச்சம் இருந்தன. 1990களில் ஸ்டீவன் ஷாக்லி என்கிற தொல்லியலாளர் அவற்றை அளந்து, பழைய யாஹி இடங்களில் கிடைத்த முனைகளோடு ஒப்பிட்டார். ஒத்துப்போகவில்லை. வின்டு, நோம்லாக்கி என்கிற அண்டை மக்களின் முனைகளைப் போலிருந்தன. அவர்கள் யாஹிகளுக்குப் பகையாளிகள் என்று எழுதப்பட்டவர்கள். கொலைக்குத் தப்பி ஓடினவர்கள் பகையை விட்டு ஒன்றாக வாழ்ந்திருக்கலாம், இஷிக்கு முனை செய்யக் கற்றுக்கொடுத்தது அந்தச் சனத்தில் ஒரு உறவினராக இருக்கலாம் என்பது ஷாக்லியின் கணிப்பு. 'கலப்பில்லாத கடைசி யாஹி' என்று காட்சிக்கு வைத்திருந்தவர்கள் முகத்தில், அவர் கையால் செய்த முனையே போய்த் தைத்தது. கலப்பு, சுத்தம் என்கிற பேச்சைக் கேட்டு வளர்ந்த நமக்கு இந்த இடம் தனியாகச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மூளை 2000இல்தான் திரும்பியது. யாஹிகளுக்கு நெருங்கின வம்சாவளியினரான ரெடிங் ரான்சேரியா, பிட் ரிவர் மக்கள் அதை வாங்கி, அஸ்தியோடு சேர்த்து மலைப்பக்கம் அடக்கம் செய்தார்கள். எந்த இடம் என்று வெளியாளுக்குச் சொல்லவில்லை.