பெட்டிக்குள் பூட்டிய மின்சாரம்

தூத்துக்குடிக் கடலில் 1961-ஆம் ஆண்டோடு முத்துக்குளிப்பு நின்றுபோயிற்று. மூழ்கித் தேடும் வேட்கையோ மனிதனை விட்டு நீங்கவில்லை. பழைய படச்சுருள்களைத் தேடித் திரிவோரும் ஒருவகை முத்துக்குளிப்பாளரே! அவர்கள் போற்றும் சோவியத் படம் ஒன்றின் வரலாற்றை நம் இளைஞர்கள் அறிதல் வேண்டும்.

'அறியாத யுகத்தின் தொடக்கம்' என்பது அதன் பெயர். அக்டோபர்ப் புரட்சியின் 50-ஆம் ஆண்டு நிறைவையொட்டி, 1967-இல் உருவான கதைத்தொகுப்பு அது. ஒலேஷாவின் கதையை ஆந்திரேய் ஸ்மிர்னோவும், பிளாத்தோனவின் கதையை லரீசா ஷெபித்கோ என்ற பெண்மணியும் படமாக்கினர். பின்னதன் பெயர் 'மின்சாரத்தின் தாயகம்'.

காலம் 1921. வறட்சி வாட்டும் சிற்றூர். மழை வேண்டி மதகுருவின் பின்னே மக்கள் ஊர்வலம் செல்கின்றனர். இக்காட்சி நமக்குப் புதிதோ? கொடும்பாவி கட்டி இழுத்து மழையை அழைத்தவர்கள் நம் பாட்டன்மார் அல்லரோ? அவ்வூருக்கு வரும் இளம் பொறியாளனோ வானை நோக்கிக் கைகூப்பவில்லை. பழைய மோட்டார் சைக்கிள் இயந்திரத்தைக் கொண்டு நீர் இறைக்கிறான். அறிவின் ஆற்றலைப் பேசும் படம்! எனினும் வறுமையை வறுமையாகவே காட்டியது. அதனைப் பொறுக்கவில்லை ஆட்சி. படம் பெட்டிக்குள் பூட்டப்பட்டது. 1987-இல்தான் வெளிச்சம் கண்டது. லரீசாவோ 1979-இல், 41-ஆம் வயதில், கார் விபத்தில் மாண்டுபோயிருந்தார்.

தடை என்பது ஒரு நாட்டுக்கோ ஒரு கொள்கைக்கோ உரிய நோயன்று. 1939-இல் வெளிவந்த கே. சுப்பிரமணியத்தின் 'தியாக பூமி'யை வெள்ளையர் ஆட்சி தடுத்தது. விடுதலைக்குப் பின்னரும் 1954-இல் நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டம் சென்னை மாநிலத்தில் வந்தது. மதத்தின் பெயரால் வாயடைப்பதை எதிர்க்கும் நாம், முன்னேற்றத்தின் பெயரால் வாயடைப்பதையும் எதிர்த்தல் வேண்டும். அதுவே பகுத்தறிவு.

தடுத்தவர்கள் அதிகாரம் பெற்றிருந்தனர். காத்தவர்கள் பொறுமை பெற்றிருந்தனர். சேகரிப்போரை அப்படம் ஈர்ப்பது விலையால் அன்று. அழிவுக்குத் தப்பிய சான்று அது என்பதால். கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்த நூல்களும் இதழ்களும் அறிவிப்புத் தாள்களுமே 1994-இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக மலர்ந்தன.

தோழர்களே! உங்கள் வீட்டுப் பரணில் பழைய நாடக நோட்டீசு இருக்கலாம். பாட்டுப் புத்தகம் இருக்கலாம். கரையானுக்கு இரையாக்காதீர்கள். ஊரும் ஆண்டும் குறித்து நூலகத்திற்கு அளியுங்கள். நாளைய தலைமுறை கேட்கும் கேள்விக்கு அந்தத் தாளே விடை!