கப்பல் தளமும் வணிக வகுப்பும்

1926இல் கட்டப்பெற்ற 'ரஜூலா' கப்பல், 1970களின் தொடக்கம் வரை சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஓடியது. நம் முன்னோர் பலர் அதில் தளப் பயணிகளாகவே வந்தனர். பாய் விரித்த இடமே அவர்தம் படுக்கை. அறைகளோ வசதி படைத்தோர்க்கு உரியன. அத்தகைய பிரிவினை வானூர்திகளிலும் இடம்பெற்றது.

1970இல் 'ஜம்போ' விமானம் பயணிகளை ஏற்றத் தொடங்கியபின், சலுகைக் கட்டணச் சுற்றுலாப் பயணிகள் பெருகினர். முழுக் கட்டணம் செலுத்திய வணிகரும் அவர்களிடையே நெருங்கியே அமர நேர்ந்தது. அவ்வணிகரைத் தனியே அமர்த்தவே வணிக வகுப்பு பிறந்தது. 1979இல் குவாண்டாஸ் நிறுவனம் அதனை அறிமுகப்படுத்தியது. 2000இல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் அவ்வகுப்பு இருக்கையைப் படுக்கையாகவே மாற்றியது. 2008 முதல் 2013 வரை சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், 100 வணிக வகுப்பு இருக்கைகளை மட்டுமே கொண்ட விமானங்களை நியூவார்க் நகருக்கு இடைநில்லாது செலுத்தியது.

சுற்றுலாப் பயணியரிடமிருந்து விலகி அமரத் தோன்றிய அவ்வகுப்பில், இன்று விடுமுறைக்குச் செல்லும் குடும்பங்களும் அமர்கின்றன. கப்பல் தளத்தில் வந்தோரின் பேரப்பிள்ளைகளும் அவர்களுள் உளர். உழைப்பின் பயனை நுகர்வதில் குற்றமில்லை. ஆயினும், திரைக்கு அப்பால் நெருங்கி அமர்ந்திருப்போரை அயலாராக எண்ணுதல் தகாது. நம் குடும்பங்களின் பயணம் தொடங்கியதும் அத்தகைய நெருக்கத்தில்தான் அன்றோ!