இறுதிவரை நின்றவர்



வரலாறு வென்றவரைப் பாடும், தோற்றவருக்காக இரங்கும். ஏற்றுக்கொண்ட நெறியிலே இறுதி மூச்சுவரை சலியாது நின்றவரைப் பற்றி அது அதிகம் பேசுவதில்லை. அத்தகைய ஒருவரே கோவாவிலே பிறந்து, கண்டியிலே மறைந்த யோசேப் வாஸ் முனிவர். நான் சைவன், இந்துக் கல்லூரியிலே தமிழ் கற்பிப்பவன். நீற்றறையிலே இடப்பட்ட அப்பரடிகளின் உறுதியை ஆண்டுதோறும் மாணவர்க்கு விளக்கி வருபவன். அதே உறுதியைப் பிறிதொரு சமயத்தாரிடம் காணும்போதும் என் உள்ளம் உருகவே செய்கிறது.

1658ஆம் ஆண்டு மன்னாரும் யாழ்ப்பாணமும் ஒல்லாந்தர் வசமாயின. போர்த்துக்கேயக் குருமார் வெளியேற்றப்பட்டனர். கத்தோலிக்க வழிபாடு தடை செய்யப்பட்டது. குருவானவர் ஒருவருக்கு வீட்டில் இடம் கொடுப்பது மரண தண்டனைக்குரிய குற்றமாயிற்று. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் இங்குள்ள கத்தோலிக்க மக்கள் குருவின்றி, பூசையின்றி வாழ்ந்தனர்.

இச்செய்தி 1651இல் பிறந்த யோசேப் வாஸ் அடிகளின் செவிக்கு எட்டியது. 1687ஆம் ஆண்டிலே யோவான் என்னும் இளைஞனைத் துணைகொண்டு, குருவுக்குரிய அங்கியைக் களைந்து, கந்தை உடுத்துக் கடல் கடந்தார். யாழ்ப்பாணம் வந்தவரை முதலில் வரவேற்றது கடும் வயிற்றுளைவு. இரக்கமுள்ள பெண்ணொருத்தி கொடுத்த கஞ்சியே அவரைக் காத்தது என்பர். எழுந்து நடமாடத் தொடங்கியதும் கழுத்திலே செபமாலை தெரிய வீடு வீடாகப் பிச்சை கேட்டார். அதைக் கண்டு எவர் முகம் மலர்கிறதோ அவரே கத்தோலிக்கர் என்று அறிந்துகொண்டார். பின்னர் சில்லாலைக் கிராமம் அவருக்குப் புகலிடமாயிற்று. பகலிலே மறைந்திருந்து, இரவிலே பூசை செய்தார்.

துன்பம் அவருக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. 1689ஆம் ஆண்டு நத்தார் இரவிலே யாழ்ப்பாணத்தில் வழிபாட்டுக்குக் கூடியிருந்தோரை ஒல்லாந்தப் படையினர் சூழ்ந்து கொண்டனர். பிடிபட்டவர்களுள் ஒருவர் அடித்தே கொல்லப்பட்டார். 1995இலே யாழ்ப்பாணத்தைவிட்டு இடம்பெயர்ந்த நாளில் சாமிப் படத்தைத் துணியிலே சுற்றி மார்போடு அணைத்துச் சென்றவர்களை அறிந்த எமக்கு, அந்த மக்களின் மனம் விளங்காமற் போகாது.

புத்தளப் பகுதியிலே சில காலம் பணிசெய்த அடிகள் 1692இலே கண்டி இராச்சியத்துக்குச் சென்றார். அங்கும் போர்த்துக்கேய ஒற்றன் என்று பழி சுமத்திச் சிறையிலிட்டனர். சிறையையே பள்ளியாக்கிச் சிங்களம் கற்றார். தமிழையும் அவர் முன்பே கற்றிருந்தார். நாளடைவிலே மன்னன் இரண்டாம் விமலதர்மசூரியன் அவரது தூய்மையை உணர்ந்து விடுதலையளித்தான். கிறித்தவரான ஒல்லாந்தர் வேட்டையாடிய கிறித்தவத் துறவிக்குப் பௌத்த மன்னன் நிழல் கொடுத்தான் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

வரட்சிக் காலத்திலே அவர் செபித்ததும் மழை பொழிந்தது என்ற வரலாற்றைப் பலரும் விரும்பிச் சொல்வர். என் மனம் நிலைப்பது வேறோர் இடத்திலே. 1697இலே கண்டியில் வைசூரி பரவியது. மன்னனும் பிரதானிகளும் நகரைவிட்டு நீங்கினர். நோயாளரை உறவினரே காட்டிலே கைவிட்டனர். அடிகளோ துணைக்கு வந்திருந்த கார்வாலோ என்னும் குருவுடன் அங்கேயே தங்கினார். குடிசை கட்டிக் கொடுத்தார், புண் கழுவினார், இறந்தோரைப் புதைத்தார். மதம் பார்க்கவில்லை. மழை ஒருநாட் செய்தி. இதுவோ மாதக்கணக்காக, யாரும் பாராத இடத்திலே நடந்த பணி.

இருபத்துநான்கு ஆண்டுகளில் ஒருமுறையேனும் அவர் கோவாவுக்குத் திரும்பவில்லை. நோயினால் உடல் தளர்ந்த பின்னரும் கிராமங்கள்தோறும் சென்றார். 1711ஆம் ஆண்டு தை 16ஆம் நாள், ஐம்பத்தொன்பதாம் வயதிலே கண்டியில் உயிர் நீத்தார். வாழ்நாள் முழுவதும் செய்யாது விட்டதை மரண வேளையிலே செய்துவிடுவது எளிதன்று என்பதே அவர் தம்மைச் சூழ நின்றோருக்கு இறுதியாக உரைத்த அறிவுரையின் சாரம்.

அவர் மூட்டிய விளக்கு அணையவில்லை. 1705இலே அவரிடம் வந்து சேர்ந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் பல எழுதினார். அவரது 'வியாகுலப் பிரசங்கம்' ஈழத்துத் தமிழ் உரைநடை வரலாற்றிலே தனியிடம் பெற்றது. யோசேப் வாஸ் அடிகள் 1995இலே முத்திப்பேறு பெற்றவராகவும், 2015இலே புனிதராகவும் கொழும்பு காலிமுகத்திடலிலே பாப்பரசர்களால் அறிவிக்கப்பட்டார்.

நேயர்களே, இறுதிவரை நிலைத்திருத்தல் என்பது இறுதி நாளிலே தோன்றும் வீரமன்று. பசித்த நாளிலும், பயந்த நாளிலும், புகழ் வராத நாளிலும் செய்ய வேண்டியதைச் செய்து முடிப்பதே அது. எந்தச் சமயத்தாராயினும் நாம் அவரிடம் கற்கத்தக்க பாடம் இதுவேயாகும்.