உப்பளம் என்ற பெயரும் வீடு பார்ப்பவர்களும்

ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு நம் குடியிருப்பில் அடிக்கடி காதில் விழும் கேள்வி இது: இங்கேயே இருக்கலாமா, விற்றுவிட்டுக் கடலை விட்டுத் தள்ளிப் போய்விடலாமா? முடிவெடுக்கும் முன் நம் ஊரின் பழைய கதையைக் கொஞ்சம் கேளுங்கள்.

1916 நவம்பர் 22, புதன்கிழமை இரவு புதுச்சேரியில் பெரும் புயல் அடித்தது. அப்போது இங்கே குடியிருந்த பாரதியார் அதைப் பற்றி ‘புயற் காற்று’ என்ற பாட்டை எழுதினார். கணவனும் மனைவியும் பேசிக்கொள்வது போன்ற பாட்டு. முந்தின நாள் இருந்த வீட்டிலேயே இன்னும் இருந்திருந்தால் நம் கதி என்ன என்ற நடுக்கம் அதில் கேட்கும். அந்தக் காலத்தில் புயல் பயம் என்றால் கூரையும் சுவரும்தான். இன்று காற்று அவ்வளவு பயமுறுத்துவதில்லை. 2011 டிசம்பர் 30 அதிகாலை கரையைக் கடந்த தானே புயல் மரங்களையும் மின்கம்பங்களையும் சாய்த்தது, கான்கிரீட் வீடுகள் நின்றன. (ஜன்னல் கண்ணாடிகள் வேறு கதை.) நிலநடுக்கமும் இங்கே அபூர்வம். 2001 செப்டம்பர் 25 அன்று நம் கடலுக்குள் 5.5 அளவில் ஒன்று வந்தது, அவ்வளவே.

நமக்கு மிஞ்சியிருப்பது தண்ணீர்.

‘அளம்’ என்றால் உப்பு விளையும் நிலம். உப்பளத்துக்கு எப்படிப்பட்ட இடம் தேவை என்று யோசித்துப் பாருங்கள். கடல் நீர் எளிதாக ஏறும் தாழ்ந்த மட்டம், தண்ணீரை உறிஞ்சாத களிமண் தரை. தண்ணீர் தேங்கி நிற்க வேண்டும் என்றே தேடிப் பிடித்த நிலம் அது. பிரெஞ்சுக்காரர்கள் 1818-இல் ஆங்கிலேயரோடு ஒப்பந்தம் போட்டு, ஆண்டுதோறும் ஒரு தொகை பெற்றுக்கொண்டு, தங்கள் பகுதிகளில் உப்பு உற்பத்தியை நிறுத்தச் சம்மதித்தார்கள். தொழில் போகலாம், மண்ணின் மட்டம் மாறுமா?

பிரெஞ்சுக்காரர்கள் தங்களுக்கு வீடு கட்டிக்கொண்ட இடத்தையும் பாருங்கள். கடற்கரையை ஒட்டிய மணல் மேடு அது. அங்கே பெய்யும் மழை மேற்கே சரிந்து, தாழ்வில் ஓடும் பெரிய வாய்க்காலுக்குப் போய்விடும். 2004 டிசம்பர் 26 சுனாமியின்போது கூட மேடும், கரையில் கொட்டியிருந்த பாறைகளும் நகரத்தை ஓரளவு காத்தன. அடி வாங்கியவை மீனவர் கிராமங்கள்.

ஆகவே ‘கடலுக்கு எவ்வளவு தூரம்’ என்ற கேள்வி மட்டும் போதாது. 2024 நவம்பர் 30 தொடங்கி 24 மணி நேரத்தில் சுமார் 48 செ.மீ. மழை கொட்டியபோது, கடலை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் ரெயின்போ நகரிலும் கிருஷ்ணா நகரிலும் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. கிருஷ்ணா நகரில் ராணுவம் வந்து ஆட்களை மீட்டது. உள்ளே போனால் தப்பிக்கலாம் என்று இடம் மாறியிருந்தால் நேராக அங்கேதான் போய் மாட்டியிருப்போம்! புயல் நேரத்தில் கடல் மட்டம் உயர்ந்திருக்கும். வாய்க்கால் நீர் இறங்க முடியாமல் எதிர்த்து நிற்கும். தாழ்ந்த தெரு எங்கிருந்தாலும் அதன் பலனை அனுபவிக்கும்.

வீடு பார்க்கப் போகிறீர்களா? மே மாதத்தில் பார்த்து முன்பணம் கொடுத்துவிடாதீர்கள், ஐப்பசி கார்த்திகையில் ஒரு மழை நாளில் போய்ப் பாருங்கள். தெருமுனைப் பெட்டிக்கடைக்காரரிடம் தண்ணீர் எந்தப் படிவரை வந்தது என்று கேளுங்கள். அந்த இடம் முன்பு ஏரியா, வயலா, அளமா என்பதைப் பழைய பத்திரத்தில் தேடுங்கள். பக்கத்து வாய்க்கால் எங்கே போய்ச் சேர்கிறது என்று ஒருமுறை நடந்தே பாருங்கள்.

இங்கேயே இருப்போம் என்பவர்களுக்கு ஒரு செய்தி. நம் தண்ணீர் மோட்டார்களும் மின்சாரப் பெட்டியும் இன்னும் தரைமட்டத்தில்தான் இருக்கின்றன. அவற்றை மாடிப்படி மட்டத்துக்கு மேல் ஏற்றுவதற்கான செலவு அடுத்த பொதுக்குழுவில் பேசப்படும். தரைத்தள வீட்டுக்காரர்கள் மட்டும் வந்து பேசிப் பயனில்லை, மேல்தளத்தாரும் வர வேண்டும்.