சம ஆசனம்: யாழ்ப்பாணத்து வாங்கிலிருந்து பாரிஸ் பள்ளிக்கூடம் வரை

பிரான்சுக்கு வந்து சேர்ந்த எங்கட சனங்களிடையே ஓயாத ஒரு விவாதம் உண்டு. சின்னப் பிள்ளையை எந்தப் பள்ளிக்கூடத்தில் விடுவது? மூன்று வயதிலேயே பிரெஞ்சுப் பாலர் பள்ளியில் விட்டால் பிள்ளைக்குத் தமிழ் போய்விடும் என்கிறது ஒரு கட்சி. பிரெஞ்சு படிச்சு என்ன பிரயோசனம், லண்டனுக்குப் போனால் இங்கிலீசும் கிடைக்கும், தமிழ்ச்சனத்தோடு சேர்ந்தும் இருக்கலாம் என்கிறது இன்னொரு கட்சி. இரண்டு கட்சியும் மொழியைப் பற்றித்தான் கதைக்கின்றன. பள்ளிக்கூடத்துக் கதவைப் பற்றிக் கதைப்பதில்லை. தங்கள் முகத்துக்கு முன்னால் அந்தக் கதவு ஒருநாளும் சாத்தப்படாதவர்களுக்கு அது நினைவில் வராதது இயல்பு. எங்களுக்குச் சாத்தப்பட்டது. அதுவும் தமிழிலேயே சாத்தப்பட்டது. ஆகவே இந்த விவாதத்தை நாங்கள் வேறு இடத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

அமெரிக்க மிசனரிமார் 1816இல் யாழ்ப்பாணத்தில் வேலை தொடங்கினார்கள். ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப் பள்ளிக்கூடம் நிறுவினார். தமிழ்க் கல்வியின் பொற்காலம் என்று இந்த நூற்றாண்டைப் புகழாத மேடை இல்லை. அந்தப் பொற்காலத்தில் பள்ளர், நளவர், பறையர், அம்பட்டர், வண்ணார் வீட்டுப் பிள்ளைகள் எங்கே இருந்தார்கள்? பெரும்பாலும் தோட்டத்திலும் பனையடியிலும் வெள்ளாளர் வீட்டுக் கொல்லையிலும்தான். சில மிசன் பள்ளிக்கூடங்கள் எங்கட பிள்ளைகளைச் சேர்த்தன. சேர்த்த இடத்திலும் வெள்ளாளப் பிள்ளை வாங்கில், எங்கட பிள்ளை தரையில். என்ர பெரியம்மா சொல்லுவா: “அவையளுக்குச் சிலேற்று, எங்களுக்கு மண். வாத்தியார் எங்கட கையைத் தொட்டு எழுதப் பழக்கேல்லை, தடியால காட்டினவர்.” மூன்றாம் வகுப்போடு அவவுடைய படிப்பு முடிந்தது.

‘சம ஆசனம், சம போசனம்’ என்ற கோரிக்கை இந்தத் தரையிலிருந்துதான் எழுந்தது. ஒடுக்கப்பட்ட தமிழ் ஊழியர் சங்கம் 1920களின் இறுதியில் இதற்காக வாதாடியது. அரச உதவி பெறும் பள்ளிக்கூடங்களில் எல்லாப் பிள்ளைகளும் சமமாக உட்கார வேண்டும் என்று காலனி அரசு உத்தரவு போட்டது. ஆதிக்கசாதியினரின் பதில் என்ன? பள்ளிக்கூடங்கள் கொளுத்தப்பட்டன. நளவன்ர பிள்ளை பக்கத்தில் இருந்து படிப்பதைவிடத் தன்ர பிள்ளை படிக்காமல் போனாலும் பரவாயில்லை என்று நினைத்த சமூகம் அது. கல்வியே எங்கள் செல்வம் என்று இன்று பெருமை பேசுவதும் அதே சமூகந்தான்.

1945இல் இலவசக் கல்வி வந்தது. சட்டம் கதவைத் திறந்தது. ஊர் திறக்கவில்லை. ‘மல்லிகை’ ஆசிரியர் டொமினிக் ஜீவா பள்ளிக்கூடத்தில் பட்ட சாதி அவமானத்தால் படிப்பை விட்டவர். தன்னுடைய சுயசரிதையான ‘எழுதப்படாத கவிதைக்கு வரையப்படாத சித்திரம்’ நூலில் அதை அவரே பதிவு செய்திருக்கிறார். தமிழில் ஒரு பெரும் இதழைப் பல பத்தாண்டுகள் நடத்தியவருக்கு அவருடைய தமிழைப் பள்ளிக்கூடம் தரவில்லை. அதைத் தானே தேடி எடுத்துக்கொண்டார்.

அடுத்து நடந்ததை எங்கட ஆட்களே மெல்லிய குரலில்தான் சொல்லுவினம். 1950களில் தொடங்கி, தமிழ்ப் பள்ளிக்கூடங்கள் சேர்க்க மறுத்த எங்கட பிள்ளைகளுக்காக, பௌத்தர்களின் உதவியோடு சில கிராமங்களில் பள்ளிக்கூடங்கள் எழுந்தன. 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்து நாடே மொழியால் பிளந்து நின்ற காலம். அந்த நேரத்தில் சில தாய் தகப்பன்மார் தங்கள் பிள்ளைகளைச் சிங்களமும் சொல்லிக்கொடுத்த பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள். ‘தமிழினத் துரோகிகள்’ என்று ஏசினார்கள். ஏசியவர்களில் ஒருவராவது, சரி, எங்கட பள்ளிக்கூடத்துக்கு வா, இந்த வாங்கில் இரு என்று கூப்பிட்டார்களா? அந்தப் பெற்றோர் சிங்களத்தில் ஆசைப்பட்டுப் போகவில்லை. பிள்ளை இருக்க ஒரு வாங்கு தேடிப் போனார்கள். 1960, 61ஆம் ஆண்டுகளில் அரசாங்கம் உதவி பெறும் பள்ளிக்கூடங்களைப் பொறுப்பேற்ற பிறகே பல தமிழ்ப் பள்ளிக்கூடங்களுக்குள் எங்கட பிள்ளைகள் ஓரளவேனும் நுழைய முடிந்தது.

1983 யூலைக்குப் பிறகு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நாங்கள் ஐரோப்பாவுக்கு வந்தபோது இந்த நினைவும் எங்களோடு வந்தது.

பிரான்சில் 1881ஆம் ஆண்டுச் சட்டம் அரசாங்க ஆரம்பக் கல்வியை இலவசமாக்கியது. 1882ஆம் ஆண்டுச் சட்டம் 6 முதல் 13 வயது வரை கல்வியைக் கட்டாயமாக்கி, அரசாங்கப் பள்ளிக்கூடத்திலிருந்து மதத்தை வெளியே எடுத்தது. பாலர் பள்ளி மூன்று வயதில் தொடங்குகிறது. 2019 முதல் அந்த வயதிலிருந்தே கல்வி கட்டாயம். அதற்கு முன்பே மூன்று வயதுப் பிள்ளைகளில் அநேகமாக எல்லோரும் போய்க்கொண்டிருந்தார்கள்.

என்ர மூத்தவளைப் பதிய நகரசபைக்குப் போனபோது பிறப்புப் பத்திரம், வீட்டு விலாசம், தடுப்பூசி அட்டை கேட்டார்கள். எந்த ஊர், ஊரில் எந்தக் குறிச்சி, தகப்பனுக்கு என்ன தொழில் என்று கேட்கவில்லை. தாய் தகப்பனுக்கு வதிவிட அனுமதி இல்லையென்றாலும் பிள்ளையை மறுக்க முடியாது என்பது இங்கத்தைய விதி. விசா இல்லாத தகப்பனுடைய பிள்ளைக்கும் ஒரு கதிரை உண்டு. எங்கட தாத்தாவுக்குச் சொந்த ஊரிலேயே அது இருக்கவில்லை.

மத்தியானம் பள்ளிக்கூடச் சாப்பாட்டு மண்டபத்தை ஒருக்கால் எட்டிப் பாருங்கள். அரபுப் பிள்ளை, மாலிப் பிள்ளை, வெள்ளைப் பிள்ளை, எங்கட பிள்ளை எல்லாம் ஒரே மேசையில், ஒரே மாதிரித் தட்டில், ஒரே சட்டித் தண்ணிச் சோறோ உருளைக்கிழங்கோ சாப்பிடுகிறார்கள். பாரிஸில் அதற்கான கட்டணம் குடும்ப வருமானத்தைப் பொறுத்தது. தட்டிலே அந்த வித்தியாசம் தெரியாது. ‘சம போசனம்’ கேட்டதற்காக அடிபட்ட பரம்பரை நாங்கள். இந்த மண்டபத்தின் பெறுமதி எங்களுக்குத் தெரியும்.

மொழி வரும். ஆனால் உடனே வராது. முதல் மாதங்களில் பிள்ளை வகுப்பில் வாயே திறக்காது. தாய்மார் பயந்து போவினம். அது ஊமையில்லை, கேட்டுச் சேர்க்கிறது. பிறகு ஒருநாள் முழு வசனமாகக் கொட்டும். எட்டு, பத்து வயதில் வந்து சேரும் பிள்ளைக்குத்தான் பாடு அதிகம். மொழி தெரியாமல் வரும் பிள்ளைகளுக்கென்று 1970 முதல் தனி வகுப்புகள் இருக்கின்றன. 2012இல் அவற்றின் பெயரும் அமைப்பும் மாறின. அங்கே மொழி பிடித்துக்கொண்டே மற்ற வகுப்பில் கணக்கும் பாட்டும் படிக்கலாம். இங்கே ஊன்றிய பிள்ளையைப் பத்து வயதில் லண்டனுக்குப் பிடுங்கிக்கொண்டு போவது, அந்த வாயடைத்த மாதங்களை இரண்டாந்தரம் அதன் தலையில் கட்டுவதுதான்.

பிரெஞ்சுப் பள்ளிக்கூடம் புனிதமானது என்று நான் சொல்லவில்லை. இதே பள்ளிக்கூடம் பிரெத்தோன் மொழி பேசிய ஏழைப் பிள்ளைகளின் கழுத்தில் மரச்செருப்பைத் தொங்கவிட்டு அவமானப்படுத்தியது. தாய்மொழியைக் குற்றமாக்கியது. இன்றைக்கும் புறநகரில் ஒரு பள்ளிக்கூடம், பணக்கார வட்டாரத்தில் வேறு பள்ளிக்கூடம். கறுத்த பிள்ளையைச் சீக்கிரமே தொழிற்கல்விப் பக்கம் தள்ளிவிடும் ஆசிரியர்களும் உண்டு. ஆகவே பதிந்தவுடன் எங்கட வேலை முடிந்துவிடாது. ஆசிரியர் கூப்பிட்டால் போகவேண்டும். பாசை தெரியாது என்று ஒதுங்கி, பிள்ளையையே மொழிபெயர்க்க விட்டால், பிள்ளை தனக்கு வேண்டியதை மட்டும்தான் சொல்லும். மொழி தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டாவது போய் இருக்கவேண்டும். வாத்தியாருக்கு முன்னால் கதிரையில் இருந்து கதைப்பதும் எங்கட சனத்துக்குப் புது உரிமைதான்.

அப்ப தமிழ்? சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு வாசலில் பிள்ளையைக் காத்து நிற்கும்போது, “தம்பி ஊரில எவடம்?” என்று தொடங்கும் விசாரணை இந்தக் குளிரிலும் நிற்கவில்லை. கோயில் எது, எந்தப் பக்கம், ஆற்ற பகுதி என்று சுற்றிவந்து சாதியில் கைவைக்கும். அந்தக் கேள்விக்குப் பயந்தே பிள்ளைகளைத் தமிழ் வகுப்பிலிருந்து நிறுத்திய குடும்பங்களை எனக்குத் தெரியும். நிறுத்தக்கூடாது என்பது என்ர நிலைப்பாடு. தமிழ் அவர்கள் வீட்டுக் கிணறு இல்லை. ஊரில் கிணற்றையும் கோயிலையும் தேநீர்க்கடையையும் போராடித் திறந்தவர்கள் நாங்கள். மொழியை மட்டும் ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்?

பகலில் பிள்ளை பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் எல்லோருடனும் சமமாக இருக்கட்டும். வீட்டில் நாங்கள் தமிழில் கதைப்போம். பெரியம்மாவின் மண்ணையும் தடியையும் தமிழில் சொல்லுவோம். எழுத்துக் கூட்டத் தெரிந்ததும் கே. டானியலின் ‘பஞ்சமர்’ வீட்டு அலுமாரியில் கைக்கெட்டும் தட்டில் இருக்கட்டும். சம ஆசனம் கேட்டு எங்கட சனம் அடிபட்ட கதையை எந்தப் பிரெஞ்சு வாத்தியாரும் சொல்லித்தர மாட்டார். சனிக்கிழமை வகுப்புப் புத்தகத்திலும் நான் அதைக் காணவில்லை. அதைச் சொல்ல எங்களுக்கு எங்கட தமிழ் வேண்டும்.