18 வயதுக்குப் பிறகு படிப்புச் செலவு யாருடையது?

பெற்ற பிள்ளையை எந்த வயது வரை பராமரிக்க வேண்டும்? நம் வீடுகளில் இதற்கு யாரும் வயது சொல்வதில்லை. படித்து, வேலைக்குப் போய், கல்யாணமும் ஆன பிள்ளைக்கு இன்னும் சாப்பாடு கட்டிக் கொடுத்தனுப்பும் தாய்மார்கள் உண்டு. ஆனால், பெற்றோர் மணவிலக்குக் கோரி நீதிமன்றப் படியேறிவிட்டால், அங்கே சட்டம் வயதைக் கேட்கிறது. மலேசியாவில் முஸ்லிம் அல்லாதாருக்கு அந்த வயது நெடுங்காலம் 18 ஆக இருந்தது.

இந்தச் சிந்தனையின் வேரைத் தேடினால் இங்கிலாந்துக்குத்தான் போக வேண்டும். 1601ஆம் ஆண்டு முதலாம் எலிசபெத் அரசியார் காலத்தில் வந்த ஏழையர் சட்டம், வசதியுள்ள பெற்றோரும் பாட்டன் பாட்டியும் ஆதரவற்ற பிள்ளைகளைப் பராமரிக்க வேண்டும் என்றது. பாசத்தைப் போற்றி எழுதிய சட்டம் அல்ல அது. ஏழைகளின் செலவு ஊர் மக்களின் வரிப்பணத்தின் மேல் விழக்கூடாது என்ற கணக்குதான். 1765இல் ஆங்கிலச் சட்டங்களைத் தொகுத்து விளக்கத் தொடங்கிய வில்லியம் பிளாக்ஸ்டோன், பிள்ளையைப் பராமரிப்பது இயற்கை விதித்த கடமை என்றார். ஆனால், சட்டம் வற்புறுத்துவது இளம் வயது, நோய், விபத்து ஆகியவற்றால் உழைக்க முடியாத பிள்ளைக்கு மட்டுமே, அதுவும் அத்தியாவசியத் தேவைகளுக்கு மட்டுமே என்றும் அவர் எழுதினார். உழைக்கக் கை கால் இருந்தால் போதும், பெற்றோரின் சட்டக் கடமை தீர்ந்தது என்பதே இதன் பொருள்.

மலாயாவில் 1950இல் வந்த மணமான பெண்கள், பிள்ளைகள் பராமரிப்புச் சட்டமும் தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ள முடியாத பிள்ளையைப் பற்றியே பேசியது. பின்னர் 1976ஆம் ஆண்டு திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் இயற்றப்பட்டு, 1982 மார்ச் முதல் தேதி நடப்புக்கு வந்தது. அதன் 92ஆவது பிரிவு தாராளமானது. தங்குமிடம், உடை, உணவு, கல்வி ஆகியவற்றைத் தங்கள் வசதிக்கேற்பப் பிள்ளைக்கு வழங்குவது பெற்றோரின் கடமை என்கிறது. ஆனால் 95ஆவது பிரிவு கதவைச் சாத்தியது. பிள்ளைக்கு 18 வயது ஆனதும் பராமரிப்பு உத்தரவு காலாவதியாகும். உடல் அல்லது மனக் குறைபாடு இருந்தால் மட்டும் அது நீங்கும் வரை நீடிக்கும்.

18 வயதில் ஒரு பிள்ளை எங்கே இருக்கும்? எஸ்.பி.எம். எழுதும்போது 17. படிவம் ஆறுக்குப் போனால் பள்ளிச் சீருடையில் இருக்கும்போதே 18 பிறந்துவிடும். செலவு கூடும் நேரத்தில் தந்தை அனுப்பும் பணம் சட்டப்படி நின்றுபோகும். 92இல் கல்வி என்று எழுதியவர்கள் 95இல் அதை மறந்துவிட்டார்கள் போலும்.

இதில் ஒரு வியப்பு உண்டு. முஸ்லிம்களுக்கான 1984ஆம் ஆண்டு கூட்டரசுப் பிரதேச இஸ்லாமியக் குடும்பச் சட்டத்தில், 18 வயதுக்குப் பின் உயர்கல்வி அல்லது பயிற்சிக்காகப் பராமரிப்பை நீட்டிக்க நீதிமன்றத்துக்கு அப்போதே அதிகாரம் தரப்பட்டிருந்தது. அதே ஊரில், அதே கல்லூரியில் படிக்கும் தமிழ், சீனப் பிள்ளைகளுக்கு அது கிடைக்கவில்லை.

நீதிபதிகள் சிலர் இதற்கு வழி தேடினர். 1997இல் சட்ட ஏடுகளில் வெளியான ஒரு வழக்கில், உயர்கல்விக்காகப் பெற்றோரின் பணத்தைத் தவிர்க்க முடியாமல் நம்பியிருக்கும் நிலையும் ‘குறைபாடு’ என்ற சொல்லுக்குள் அடங்கும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. சொல்லைச் சற்று இழுத்துப் பார்த்த தீர்ப்புதான். ஆனாலும் சில ஆண்டுகள் பல தாய்மார்களுக்கு அதுவே கைகொடுத்தது.

2004இல் ஓர் இந்தியத் தம்பதியரின் வழக்கு கூட்டரசு நீதிமன்றம் வரை போனது. உயர்கல்வி கற்பதை உடல், மனக் குறைபாடாகக் கொள்ள முடியாது, சட்டத்தின் சொற்கள் தெளிவாக இருக்கின்றன என்று உச்ச அமர்வு முந்தைய விளக்கத்தை ஏற்க மறுத்தது. சட்ட நூலின்படி அது சரியான தீர்ப்பு என்றே சொல்ல வேண்டும். படிக்கும் பிள்ளையை ஊனமுற்றவர் என்று சொல்லித்தான் கட்டணம் கேட்க வேண்டும் என்ற நிலையே கோணலானது. திருத்த வேண்டியது நாடாளுமன்றம்.

நாடாளுமன்றம் எடுத்துக்கொண்ட காலம் 13 ஆண்டுகள். 2017 ஆகஸ்டில் மக்களவையில் திருத்த மசோதா நிறைவேறியபோது, ஊரே பேசியது பிள்ளைகளின் மதமாற்றம் பற்றிய 88ஏ பிரிவு கைவிடப்பட்டதைத்தான். அந்தப் பரபரப்பில் 95ஆவது பிரிவின் மாற்றம் பலர் கண்ணில் படவே இல்லை. 2018 டிசம்பர் 15 முதல், உயர்கல்வியோ பயிற்சியோ முடியும் வரை பராமரிப்பு உத்தரவு நீடிக்கும். இடைப்பட்ட ஆண்டுகளில் 18 வயதைக் கடந்த பிள்ளைகள் கல்விக் கடனிலும் தாயின் கூடுதல் நேர வேலையிலும் படித்தார்கள், படிக்காமலும் போனார்கள்.

சிங்கப்பூரில் மாதர் சாசனத்தின்படி வரம்பு 21 வயது. படிப்பு, தொழிற்பயிற்சி, முழுநேரத் தேசிய சேவை, உடல் அல்லது மனக் குறைபாடு, வேறு சிறப்புக் காரணங்கள் இருந்தால் அதன் பிறகும் நீதிமன்றம் உத்தரவிடலாம்.

மலேசியத் திருத்தம் வந்தும் ஒரு சிக்கல் அப்படியே இருக்கிறது. உத்தரவு நீடித்தாலும் பணம் தானாக வந்து சேராது. பாக்கி வைத்தால் வழக்குப் போட்டுத்தான் வாங்க வேண்டும். வழக்குத் தொடுக்கும் நாளுக்கு 3 ஆண்டுகளுக்கு முன்பே தரப்பட்டிருக்க வேண்டிய தொகையை, அதே 1976ஆம் ஆண்டுச் சட்டப்படி வசூலிக்க முடியாது. பிள்ளை பட்டம் வாங்கட்டும், பிறகு மொத்தமாகக் கேட்டுக்கொள்ளலாம் என்று பொறுத்திருக்கும் தாய்க்கு, முதலாண்டுக் கட்டணம் அதற்குள் கைவிட்டுப் போயிருக்கும்.